ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: வைஃபை காட்டுகிறது, நெட் மட்டும் வரவில்லையா?

ஸ்டுட்கார்ட்டில் வீடு கிடைத்து ஒரு வாரமாகியும் லேப்டாப்பில் நெட் வரவில்லை என்று போன மாதம் ஒரு தம்பி புலம்பினார். நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, முக்கால் மணி நேரம் பாட்டுக் கேட்டு, கடைசியில் ஜெர்மனில் பேசிய அம்மாவிடம் "யா, யா" என்று சொல்லி வைத்துவிட்டாராம். நான் கேட்டது ஒன்றுதான்: அதே வைஃபையில் உங்கள் போனில் நெட் வருகிறதா? "அதுல நல்லா வருதுண்ணா" என்றார். அப்படியானால் லைனும் சரி, ரவுட்டரும் சரி. கோளாறு லேப்டாப்புக்குள் இருக்கிறது. அதைக் கம்பெனிக்காரர் வந்து என்ன செய்வார்?

போய் உட்கார்ந்து, கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையை (கமாண்ட் ப்ராம்ப்ட்) திறந்து, லேப்டாப்பின் நெட்வொர்க் முகவரியைக் காட்டும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளையை அடித்தேன். முகவரி 192.168.1.50 என்று வந்தது. இங்கே பல வீடுகளில் இருக்கும் ஃப்ரிட்ஸ்பாக்ஸ் ரவுட்டர் கொடுக்கும் முகவரி 192.168.178 என்று தொடங்கும். கோவையில் கேபிள்காரர் கையால் அடித்து வைத்த எண், கடல் தாண்டியும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது! அது ரவுட்டரின் முகவரியோடு ஒத்துப்போகாததால்தான் நெட் வரவில்லை. நெட்வொர்க் அடாப்டரின் ஐபிவி4 (IPv4) அமைப்பில் முகவரி, டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) இரண்டையும் 'தானாகப் பெறு' என்று மாற்றினேன். ஒரு நிமிட வேலை. அதற்கு ஒரு வாரம் போயிருந்தது.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கதை வேறு: ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, லேப்டாப் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். வைஃபையை 'மறந்துவிடு' கொடுத்து மறுபடி சேருங்கள், ரவுட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். முகவரி ஒழுங்காக இருந்தும் நெட் இல்லையென்றால் அதே கறுப்புத் திரையில் ping என்று அடித்து, பதில் வருகிறதா என்று பாருங்கள்: முதலில் ஃப்ரிட்ஸ்பாக்ஸின் முகவரியான 192.168.178.1, பிறகு வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8. முதலாவது பதில் தந்து இரண்டாவது தராவிட்டால் பெரும்பாலும் லைன் கோளாறு. இரண்டும் பதில் தந்தும் எந்தத் தளமும் திறக்காவிட்டால் டிஎன்எஸ்ஸைப் பாருங்கள், கூடவே நெட்டை வேறு வழியாகத் திருப்பிவிடும் பழைய ஆபீஸ் விபிஎன், ப்ராக்ஸி ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

வைஃபை பெயரே தெரியவில்லை என்பவர்களுக்கு: அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப் சில, வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 11-ஆம் சேனலோடு நின்றுவிடும். இங்கே 13 வரை உண்டு. ரவுட்டரில் சேனலை 1, 6, 11-இல் ஒன்றாக வைத்தால் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, ரவுட்டரை அணைத்துப் போட்ட உடனே வராவிட்டால் பதற வேண்டாம். சில சேனல்களில் ரேடார் இருக்கிறதா என்று ரவுட்டர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடம் முதல் பத்து நிமிடம் வரை ஆகலாம். பழைய கட்டடத்துத் தடித்த சுவரை 5 கிகாஹெர்ட்ஸ் எளிதில் தாண்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

சரி, போனிலும் வரவில்லை, ரவுட்டரில் டிஎஸ்எல் (டெலிபோன் வயர் வழியாக வரும் நெட்) விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கிறது என்றால் லைன் சேரவில்லை. சுவரில் மூன்று ஓட்டை உள்ள டேஆஎ (TAE) என்ற டெலிபோன் பெட்டியில் நடுவில் எஃப் என்று போட்டிருப்பதில்தான் வயர் போக வேண்டும். வீட்டில் இரண்டு மூன்று பெட்டி இருந்தால் பெரும்பாலும் லைன் முதலாவதாக வருவதில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். எல்லாவற்றிலும் செருகிப் பாருங்கள். அப்புறம் நெட் கம்பெனிக்குப் போன் போட்டு "ஷ்டோருங்" (கோளாறு) என்று சொல்லி, செய்து பார்த்ததை வரிசையாகச் சொல்லுங்கள். புகார் செய்த தேதியையும் எண்ணையும் எழுதி வையுங்கள். 2021 டிசம்பர் முதல் உள்ள சட்டப்படி, இணைப்பு முழுக்கச் செத்து இரண்டு நாளில் சரியாகாவிட்டால் மூன்றாம், நான்காம் நாளுக்கு 5 யூரோ அல்லது மாதக் கட்டணத்தில் 10 சதவீதம், ஐந்தாம் நாளிலிருந்து 10 யூரோ அல்லது 20 சதவீதம், எது அதிகமோ அது, நாளுக்கு நாள் கேட்கலாம். சொன்ன நேரத்துக்கு டெக்னிக்கர் வராவிட்டாலும் 10 யூரோ அல்லது 20 சதவீதம் உண்டு. தவறு நம் பக்கம் என்றால் கிடையாது.

எனக்கு ஒருமுறை நடந்ததில் தவறு என் பக்கம்தான் இருந்தது. காலை 8 மணியிலிருந்து 12 வரை ஜன்னலோரம் காத்திருந்தேன், டெக்னிக்கர் வரவில்லை. கேட்டால், "வந்தோம், அந்தப் பெயரில் யாரும் இல்லை" என்கிறார்கள். இங்கே அழைப்பு மணியில் வீட்டு எண் இருக்காது, குடும்பப் பெயர்தான் இருக்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் இருந்த அப்பா பெயரில் ஒப்பந்தம், நானோ மணியில் என் பெயரை ஒட்டியிருந்தேன். ஒரு துண்டுச் சீட்டில் அப்பா பெயரையும் எழுதி டேப் போட்டு ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து வந்தவர் நேரே கெல்லருக்கு (அடித்தளத்து அறைக்கு) இறங்கி இரண்டு வயரை மாற்றிச் செருகினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.