மறுமொழி: டயஸ்டீமா, பாண்டிங், வெனீர் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அன்பின் நண்பர்களுக்கு,

பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கும் (டயஸ்டீமா) அதை மூடும் சிகிச்சைகளுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். நேற்று வந்த மடல்களைப் பார்த்தபிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

> டயஸ்டீமா = பற்சந்து. "பல்லுல சந்து" என்றுதானே ஊரில் சொல்கிறோம்?

சொல்கிறோம்தான். ஆனால் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பாருங்கள். 'பற்சந்தை மூடும் சிகிச்சை' என்று சுவரொட்டியில் போட்டால் வாரச்சந்தையை மூடப்போகிறார்கள் என்று நினைப்பார்கள். எனக்கு இன்னொரு தடையும் உண்டு, கீழே வருகிறேன்.

மூலச்சொல் கிரேக்கம், அதற்கு இடைவெளி என்றுதான் பொருள். விலங்கியலிலும் இதே சொல் புழங்குகிறது. குதிரையின் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே வெறும் ஈறு இருக்கும், கடிவாளத்தின் இரும்பு உட்காரும் இடம். அதுவும் டயஸ்டீமாதான். எலிக்கும் முயலுக்கும்கூட உண்டு. ஆகவே பொதுச்சொல்லாக 'பல்லிடைவெளி' போதும். மனிதருக்கு நடு முன்பற்கள் இரண்டுக்கும் இடையில் வருவதை மட்டும் 'நடுவெளி' என்று பிரித்துக்கொள்ளலாம்.

> பாண்டிங் = பிணைப்பு. வேதியியலில் ஏற்கெனவே இருக்கிறது, புதிதாக எதற்கு?

இதில்தான், இதை எழுதிய ஐயாவோடு முரண்படுகிறேன். அதற்கு வீட்டுக்கதை ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான கையோடு ஒரு பல் மருத்துவமனைக்குப் போனார்கள். நடுவெளி ஒன்றரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். வரவேற்பில் ஓர் அட்டையை நீட்டினார்கள்: பாண்டிங் (பல்லில் பிசின் குழைவை ஒட்டவைப்பது), வெனீர் (பல்லின் முன்பக்கம் ஒட்டும் மெல்லிய ஓடு), அலைனர் (பல்லை நகர்த்தக் கழற்றி மாட்டும் உறை). மூன்றுக்கும் தலைப்பு 'கேப் குளோஷர்', அதாவது இடைவெளி மூடல். எதில் பல்லை ராவுவார்கள், எதில் தொடமாட்டார்கள் என்று ஒரு வரி கிடையாது. ஆறு பல்லுக்கு வெனீர் என்று பேசி முன்பணமும் கட்டியாயிற்று. ராவிய பற்சிப்பி (பல்லின் மேலுள்ள கடினமான எனாமல்) திரும்ப வளராது என்று அவளுக்குத் தெரிந்ததே, நாற்காலியில் உட்கார்ந்து மரத்துப்போகும் ஊசிக்குக் காத்திருந்தபோதுதான். எழுந்து வந்துவிட்டாள். முன்பணம் திரும்பவில்லை. அப்புறம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில், பேராசிரியர் மேற்பார்வையில் முதுநிலை மாணவி ஒருவர் இரண்டே பல்லில் பாண்டிங் செய்து வேலையை முடித்தார். ஒரே அமர்வு, ஊசி இல்லை. செலவு, முன்னே போன முன்பணத்தைவிடக் குறைவு.

இந்தக் கோபத்தில்தான் கேட்கிறேன்: சொல்லைக் கேட்டதும் பல்லுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரிய வேண்டாமா? பல்மேல் ஒன்றைச் சேர்க்கிறார்களா, பல்லை மறைக்கிறார்களா, பல்லையே நகர்த்துகிறார்களா? 'பிணைப்பு' இதில் எதையும் சொல்லவில்லை. இரண்டு பல்லையும் ஒன்றோடொன்று கட்டிவிடுவார்கள் போல என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பாண்டிங்கில் வேலை நடப்பது இப்படி. சுமார் 37 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலக் களிம்பைப் பல்லின் ஓரத்தில் 15 முதல் 30 நொடி வைத்துக் கழுவுகிறார்கள். பற்சிப்பி கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகிறது. பிறகு ஒட்டுநீர் தடவி, பிசினும் நுண்ணிய கண்ணாடித்தூளும் கலந்த குழைவை அடுக்கடுக்காக வைத்து நீல ஒளி காட்டினால் இறுகிவிடுகிறது. பழைய சுவரில் பூசுமுன் கொத்தனார் கொத்திவிடுவாரே, அதே காரியம்தான். கொத்தாத சுவரில் பூச்சு நிற்காது. பல்லில் அமிலத்தால் கொத்தலாம் என்று 1955இல் காட்டியவர் அமெரிக்கரான மைக்கேல் புவோனகோர். பற்சிப்பியில் பிடிமானம் முக்கியமாக இப்படிச் சொரசொரப்பில் போய்ப் பூட்டிக்கொள்வதால்தான் கிடைக்கிறது. வேதியியல் பிணைப்பு என்று நினைத்துக்கொண்டு சொல்லைக் கடன் வாங்குவது அதனாலும் சரியில்லை.

எச்சிங் = அமிலக் கொத்தல். காம்போசிட் = பற்சாந்து. பிசினும் தூளும் கலந்த குழைவுக்குச் சாந்தைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நெற்றியில் வைக்கும் சாந்துப்பொட்டின் அழகும் கூடவே வருகிறது. மேலே சொன்ன இரண்டாவது தடை இதுதான்: 'பற்சந்தில் பற்சாந்து' என்று எழுதினால் மெய்ப்பு பார்ப்பவர் வேலையை விட்டுப் போய்விடுவார்.

சரி, செயலுக்கு என்ன பெயர்? 'இடைவெளி நிரப்பல்' என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். அது நடப்பதற்கு நேர்மாறு. இடைவெளியை யாரும் நிரப்புவதில்லை. நிரப்பினால் இரண்டு பல்லும் ஒட்டிப்போய் நூல் விட்டுச் சுத்தம் செய்ய வழியில்லாமல் ஈறு வீங்கும். (யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதை முரசு என்று படித்துக்கொள்ளவும்.) இரண்டு பல்லின் பக்கவாட்டிலும் தனித்தனியாகச் சாந்தை வைத்து, அவை தொட்டுக்கொள்ளும் அளவுக்கு அகலமாக்குகிறார்கள். நிலக்கடலைச் செடியின் தூரில் இரண்டு பக்கமும் மண் அணைக்கிறோமே, அதுபோல. ஆகவே என் முன்மொழிவு: சாந்தணைப்பு.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். 5 முதல் 7 ஆண்டு தாங்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். டீ, காபி, மஞ்சள் கறை ஏறும். நகம் கடித்தால் ஓரம் பெயரும். பெயர்ந்தாலும் அதே இடத்தில் மறுபடி வைக்கலாம், அதுதான் சிக்கனக்காரர்களுக்கு நல்ல செய்தி. முன்பல்லின் அகலம் உயரத்தில் முக்கால் பங்கு அல்லது சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் பார்வைக்குப் பொருந்தும். இடைவெளி பெரிதாக இருந்து இரண்டு பல்லிலேயே சாந்தணைத்தால் பல் முறம் மாதிரி ஆகிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குக் கம்பிதான் சரி. 'கம்பி போடுவது' என்ற சொல் ஊரில் இருக்கிறது, அதை யாரும் திருத்த வேண்டாம்.

> வெனீர் = பல்லோடு (பல் + ஓடு)

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். 'நோயாளி பல்லோடு வீடு திரும்பினார்.' ஓடு என்ற கருத்து நல்லது. முன்முகத்தை மட்டும் மூடுவதால் 'முகவோடு' ஆக்கிவிடலாம். அரை மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் ஓடு, பெரும்பாலும் பல்லைச் சற்று ராவித்தான் ஒட்டுகிறார்கள். சாந்தணைப்பைவிடப் பல மடங்கு விலை.

குழந்தைகள் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 7 வயதிலிருந்து 12 வரை பல பிள்ளைகளுக்கு நடுவெளி இருக்கும். மேல் கோரைப்பல் இறங்கும்போது சிறிய வெளிகள் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இந்தப் பருவத்தை அழகற்ற வாத்துக்குஞ்சோடு ஒப்பிடுவார்கள். வளரும் பிள்ளையிடம் போய் அதைச் சொல்வானேன்? 'கோரைமுன் பருவம்' என்போம். பெரியவர்களுக்குப் புதிதாக இடைவெளி விழுந்தால் கதை வேறு. முதலில் ஈறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று. இரண்டு பல்லைச் சுற்றி ரப்பர் வளையம் மாட்டும் வீடியோக்கள் உலவுகின்றன. செலவில்லாத வழி என்று யாரும் நம்பிவிடாதீர்கள். பல்லின் வேர் கூம்பு வடிவம். வளையம் வழுக்கி ஈறுக்குள் ஏறி எலும்பைத் தின்றுவிடும், நல்ல பல்லே விழுந்துபோகும். இதற்குக் கலைச்சொல் தேவையில்லை.

கம்பி கழற்றியபின் பல் பழைய இடத்துக்கு ஓடாமல் உள்பக்கம் ஒட்டும் மெல்லிய கம்பி, ரிடெய்னர், அதற்கு 'இருத்தி' என்று நினைக்கிறேன். மனசு முழுதாக ஒப்பவில்லை. யாராவது சொல்லுங்கள்.

அன்புடன்.

---

> என் முன்மொழிவு: சாந்தணைப்பு

வணக்கம் அண்ணா. விளக்கையும் அணைக்கிறோமே என்று முதலில் தயங்கினேன். எங்கள் வீட்டில் கரும்பு போடுகிறோம். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். "மண் அணைச்சா தூர் சாயாது, பல்லுக்கும் அதானா?" என்று கேட்டார். பல் சாயாமல் இருக்க அல்ல, அகலமாகத் தெரிய என்றேன். "அப்ப சரி, வச்சுக்கோ" என்றார். எங்கள் வாக்கு இரண்டு.

ரிடெய்னருக்கு 'இருத்தி' வேண்டாம். நாற்று சாயாமல் பக்கத்தில் ஒரு குச்சி நட்டுக் கட்டுவோமே, 'ஊன்றுகோல்'. பல்லூன்றி?