குளம் திறந்தாச்சு, குளோரின் 0 காட்டுது. அவசர உதவி!

குளத்துக்காரர்: வீட்டு நீச்சல்குளம் ரொம்ப நாள் மூடியே கிடந்துச்சு. திறந்தா ஒரே பச்சை. பவுடர் போட்டேன், பச்சை போய் வெள்ளையா கலங்கிடுச்சு. டெஸ்ட் பண்ணினா குளோரின் 0. திரும்பப் போட்டேன், அப்பவும் 0. சனிக்கிழமை பிள்ளைங்க இறங்கணும். இன்னும் எவ்வளவு போடட்டும்?

தெளிநீர்: எத்தனை லிட்டர்? என்ன பவுடர்? பிஎச் (தண்ணியோட அமில-கார அளவு) எவ்வளவு?

மணல்வடி: ஃபில்டர்தான் காரணம். பம்பை ராப்பகலா ஓடவிடுங்க, ஃபில்டர்ல அழுத்தம் ஏறினா தண்ணியை எதிர்த்திசையில விட்டுக் கழுவி (பேக்வாஷ்) எடுங்க.

காரஅமிலம்: வருஷா வருஷம் இதே கேள்வி. முதல்ல காரத்தன்மை 80–120 பிபிஎம் (பத்து லட்சத்துல எத்தனை பங்கு), பிறகு பிஎச் 7.2–7.8, கடைசியிலதான் குளோரின். இந்த அடிப்படைகூடத் தெரியாம ஏன் கொட்டறீங்க?

குளத்துக்காரர்: 40,000 லிட்டர். கால்சியம் ஹைப்போகுளோரைட். பிஎச் டெஸ்ட் ஊதாவா வருது, ஒப்பிட்டுப் பார்க்கிற அட்டையில அந்த நிறமே இல்ல. ஆசிட் ஊத்தவா?

தெளிநீர்: வேண்டாம், பொறுங்க! குளோரின் டெஸ்ட் பண்ற மருந்தை மாதிரித் தண்ணியில விட்டதும் ஒரு நொடி சிவந்து மறையுதா?

குளத்துக்காரர்: ஆமாங்க!!

தெளிநீர்: அப்போ குளோரின் மிதமிஞ்சிக் கிடக்கு. மருந்தோட நிறத்தையே அது வெளுத்துடுது, அதான் 0. பிஎச் டெஸ்ட் சொட்டு மருந்தும் 10 பிபிஎம்முக்கு மேல குளோரின் இருந்தா ஊதாவா மாறிடும், அதையும் நம்ப வேண்டாம். 1 பங்கு குளத்துத் தண்ணிக்கு 9 பங்கு காய்ச்சி வடிச்ச தண்ணி கலந்து பாருங்க. வர்றதை 10 ஆல பெருக்கணும்.

பளிங்கு: கலங்கலுக்குப் படிகாரம் போடுங்க, விடிஞ்சா அடி தெரியும்.

மணல்வடி: மணல் கட்டியாகி ஃபில்டர் பாழாகும். செத்த பாசிதானே, ஃபில்டரே பிடிச்சுடும்.

பளிங்கு: பம்பை ஓட்டச் சொன்னேனா? நிறுத்திட்டுப் போடணும். படிஞ்சதை ஃபில்டருக்கு விடாம நேரா வெளிய உறிஞ்சித் தள்ளணும். செஞ்சு பார்த்துட்டுப் பேசுங்க.

காரஅமிலம்: படிகாரம் பிஎச்சை இறக்கும். பிஎச்சே தெரியாத தண்ணியில அதைப் போடச் சொல்றது பொறுப்பில்லாத பேச்சு.

மணல்வடி: அழுத்தமானி எவ்வளவு காட்டுதுன்னு இன்னும் யாருமே கேக்கல.

தெளிநீர்: கேட்டவர் எங்கப்பா? சயனூரிக் அமிலம் எவ்வளவுன்னும் பாருங்க. வெயில் குளோரினை அழிக்காம காக்கிற பொருள் அது; கூடுதலா இருந்தா வெயில்லயும் குளோரின் மெதுவாத்தான் இறங்கும்.

குளத்துக்காரர்: 3 வந்துச்சு, அப்போ 30! பவுடரை நிறுத்தியாச்சு. மூடியை எடுத்து வெயில் படவிட்டிருக்கேன். நன்றி.

தெளிநீர்: குளோரின் 4 பிபிஎம்முக்குக் கீழ இறங்கி, அடித்தளமும் தெளிவா தெரியறவரைக்கும் பிள்ளைங்களை விடாதீங்க, சனிக்கிழமை தள்ளிப்போனாலும் சரி. அதுக்கப்புறம் பிஎச்சை அளந்து இங்க போடுங்க. சயனூரிக்?

பளிங்கு: படிகாரம் போட்டீங்களா?