மேடைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்த காலம்: உங்கள் கச்சேரி அனுபவங்களைச் சொல்லுங்கள்

திருமங்கலம் மைக்செட்:

எங்கள் அப்பா மைக் செட் வைத்திருந்தார். பத்து வயதிலிருந்தே வயர் சுற்றுவது, கோன் கட்ட வேப்பமரம் ஏறுவது, ராத்திரி முழுக்க ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து சூடு ஏறுகிறதா என்று தொட்டுப் பார்ப்பது எல்லாம் என் வேலை. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பேரையூர், உசிலம்பட்டி, செக்கானூரணி என்று வாரத்துக்கு நாலு ஊர் போவோம். சாமி கும்பிட்டு முடித்து, சனமெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் பாயும் தலையணையுமாக வந்து உட்கார்ந்த பிறகுதான் கச்சேரி தொடங்கும், முடிய மூணு மணி ஆகும், சில ஊரில் விடிந்தே விடும்.

அந்தக் கச்சேரிகளில் எனக்கு இன்னும் மறக்காதது சீட்டுதான். சிகரெட் அட்டை, பீடிக்கட்டு லேபிள், கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், எதில் வேண்டுமானாலும் எழுதி வரும். மேலே பாட்டு, கீழே ‘இப்படிக்கு’ என்று ஏழெட்டுப் பேர். மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பயல்கள்தான் அதைக் கைமாற்றிக் கைமாற்றி மிக்ஸர் மேசைக்குக் கொண்டுவருவார்கள், நான் அதை மேடைக்கு ஏற்றுவேன். சீட்டு பத்து சேர்ந்துவிட்டால் ஆர்கெஸ்ட்ராக்காரர்கள் தாங்கள் யோசித்து வைத்திருந்த வரிசையைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள்.

ஒருமுறை பேரையூர்ப் பக்கம் ஒரு ஊரில் பெரியவர் ஒருத்தர் என்னிடம் வந்தார். “தம்பி, எனக்கு எழுதத் தெரியாது, பாட்டுக்கு மொத அடியும் தெரியாது, நடுவுல ஒரு அடி மட்டும் நெனப்புல இருக்கு” என்று சொல்லிவிட்டு என் காதுக்குப் பக்கத்தில் முனகிக் காட்டினார். நான் போய்க் கீபோர்டு அண்ணனிடம் முனகினேன், அவர் டோலக்காரரிடம், டோலக்காரர் சிரித்துக்கொண்டே பாடகரிடம். டி.எம்.எஸ். பாடிய பழைய பாட்டு. பல்லவியும் முதல் சரணமும் பாடிவிட்டார்கள், இரண்டாவது சரணம் பாடகருக்கு வரவில்லை. பெரியவர் மேடையின் மூங்கிலைப் பிடித்து நின்றுகொண்டு அடி அடியாக எடுத்துக் கொடுத்தார். முதல் அடியே தெரியாது என்றவருக்கு அந்தச் சரணம் முழுக்கத் தெரிந்திருந்தது. பாடகர் குனிந்து கேட்டு ஒவ்வொரு அடியாகப் பாடினார். ஊரே எழுந்து நின்றுவிட்டது. அது அவருடைய பாட்டா, பாடகருடைய பாட்டா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அப்புறம் 2007 மார்ச். அயர்ன் மெய்டன் என்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவினர் இந்தியாவுக்கு முதல்முறையாக வந்து பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் வாசித்தார்கள். நானும் மூன்று நண்பர்களும் மதுரை மாட்டுத்தாவணியில் ராத்திரி பஸ் ஏறிப் போனோம். ஆங்கிலப் பாட்டு எங்களுக்குப் பாதி புரியாது, சிடி தேய்ந்து போகும் அளவு கேட்டிருந்தோம், அவ்வளவுதான். அவர்கள் பாட்டு ஒன்றில் வார்த்தையை விட்டுவிட்டு கிட்டார் மெட்டையே கூட்டம் “ஓ… ஓ…” என்று பாடும். கோஹிமாவிலிருந்து வந்த பையன் ஒரு பக்கம், கொச்சிக்காரர் ஒரு பக்கம், நடுவில் திருமங்கலத்துக்காரன். மொழி தெரியாத ஆட்கள் எல்லோரும் ஒரே சுருதியில் பாடியபோது எனக்கு அந்தப் பெரியவரின் ஞாபகம் வந்தது. அதே சங்கதிதான், ஊர்தான் வேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சமீபத்தில் ரிங் ரோடு பக்கம் ஒரு பெரிய நிகழ்ச்சிக்குப் போனேன். டிக்கெட் போனில் வருகிறது, கையில் பட்டை கட்டுகிறார்கள், கோல்டு, பிளாட்டினம், மேடைக்கு முன்னால் ஃபேன் பிட் என்று தடுப்பு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். சத்தம் அருமை, எங்கள் அப்பா கேட்டிருந்தால் பேஸ் வரும் திசையைப் பார்த்துக் கும்பிட்டிருப்பார். எனக்கு முன்னால் நின்ற தம்பி இரண்டு மணி நேரமும் போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தான். பக்கத்தில் ஒரு அம்மா பழைய பாட்டு ஒன்றின் பெயரைச் சொல்லித் தொண்டை கிழியக் கேட்டார், பாடகரும் கேட்டார், சிரித்தார், அதற்குள் பின்னால் ஸ்கிரீனில் அடுத்த பாட்டுக்கான படம் ஓட ஆரம்பித்துவிட்டது.

போன்தான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழு கச்சேரியை டேப்பில் பதிவு செய்கிறவர்களுக்கு 1984-லேயே தனி இடம் ஒதுக்கிக் கொடுத்தது. மைக்கை நட்டுவைத்துவிட்டு, பேச்சுச் சத்தம் டேப்பில் விழுந்துவிடக் கூடாது என்று மூச்சு விடாமல் நின்று கேட்டவர்கள் அவர்கள். அந்தக் குழுவும் ராத்திரிக்கு ராத்திரி வேறு வரிசையில் வாசித்தது, அதனால்தான் ஒவ்வொரு டேப்புக்கும் மதிப்பு இருந்தது. ஆக, பதிவு செய்வது குற்றம் இல்லை. கேட்டது கிடைக்காது என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டால், கூட்டம் கேட்பதை நிறுத்திவிடுகிறது. எனக்குத் தோன்றுவது இது. உங்கள் அனுபவம் என்ன?

செல்லூர்க்காரி:

அண்ணே, நீங்கள் சொல்கிற ‘ஊரே எழுந்து நின்றது’ என்பதில் நாங்கள் எங்கே இருந்தோம் தெரியுமா? மேடைக்கு இடது பக்கம், டியூப்லைட் வெளிச்சம் விழாத இடத்தில், அம்மாச்சி பக்கத்தில் பாயில். நான் ஒரு சீட்டுக்கூட என் பெயரில் கொடுத்ததில்லை. தம்பி பெயரில்தான் எழுதிக் கொடுப்பேன். பொம்பளைப் பிள்ளை பெயரை மைக்கில் வாசித்தால் மறுநாள் வீட்டில் பெரிய பஞ்சாயத்தாகிவிடும். பன்னிரண்டு மணிக்கு மேல் குடித்துவிட்டு வந்து மேடைக்கு முன்னால் ஆடுகிறவர்களைப் பார்த்ததும் பெரியம்மா எங்களை எழுப்பி வீட்டுக்கு ஓட்டிவிடும். முழுக் கச்சேரி எப்படி முடியும் என்று எனக்கு இருபது வயது வரை தெரியாது.

முதன்முதலில் முழுசாகப் பார்த்தது சென்னையில் வேலைக்குப் போன பிறகுதான். 2018 ஜனவரியில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் மேடை. கானாவும் ராக்கும் ராப்பும் கலந்து பறைச் சத்தத்தோடு வந்தது. நானும் ஹாஸ்டல் பிள்ளைகள் நாலு பேரும் கூட்டத்துக்கு நடுவில் நின்றோம், ஓரத்தில் இல்லை. எங்கள் ஊரில் சாவு வீட்டுக்கும் கோயிலுக்கும் அடித்தவர்களை எந்த இடத்தில் நிற்க வைத்தார்கள் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அன்றைக்கு அந்தப் பறை மேடைக்கு நடுவில் இருந்தது. நான் ஆடினேன், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை போய்விட்டது என்று நீங்கள் வருத்தப்படுவது நியாயம்தான். எனக்கு முதலில் நிற்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அந்தத் தடுப்பையும் கைப்பட்டையையும் டிக்கெட்டையும் அதனால்தான் என்னால் முழுசாகத் திட்ட முடியவில்லை.

அனுப்பானடி:

பத்து மணியை மறந்துவிட்டீர்களே. ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தன, 2005-ல் உச்ச நீதிமன்றமும் ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை வீட்டில் இருப்பதால் அது நல்லது என்றே சொல்வேன். ஆனால் ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிக்க வேண்டும் என்றால் சீட்டு வாசிக்க ஏது நேரம்?

ரிதம் பேட்:

நான் இருபத்தைந்து வருடமாக மேடையில் இருக்கிறேன். முதலில் டிரிபிள் காங்கோ, அப்புறம் ரிதம் பேட், இப்போது டிரம்ஸ். மைக்செட் அண்ணன் கேட்டதற்கு மேடைப் பக்கத்திலிருந்து பதில் சொல்கிறேன்.

அந்தப் பாடகர் அந்த அம்மாவுக்குப் பாடிக் கொடுக்க ஆசைப்பட்டிருப்பார். முடியாது. இப்போது பெரிய மேடைகளில் எங்கள் காதில் ‘டக் டக்’ என்று கிளிக் ஓடுகிறது, எல்லோரும் ஒரே வேகத்தில் வாசிப்பதற்கான தாளச் சத்தம் அது. லேப்டாப்பில் வயலின் கூட்டம், கோரஸ் எல்லாம் முன்பே பதிவு செய்த டிராக்காக இருக்கும், ஸ்கிரீன் படமும் லைட்டும் பெரும்பாலும் அதே கிளிக்கோடு கட்டப்பட்டிருக்கும். பட்டியலில் இல்லாத பாட்டை எடுத்தால் ஸ்கிரீன் கறுப்பாகிவிடும், லைட்காரர் முழிப்பார்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. நாங்கள் வாசிப்பதை எங்களுக்கே கேட்க வைக்கக் காதில் மாட்டும் மானிட்டர் காதை அடைத்துவிடும். கூட்டம் என்ன செய்கிறது என்றே எங்களுக்குக் கேட்காது. கூட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைத்த மைக் இரண்டு வைத்து அந்தச் சத்தத்தையும் காதுக்குள் அனுப்பினால்தான் உண்டு, பல இடத்தில் அதை வைப்பதே இல்லை. 1965-ல் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் வாசித்தபோது 55,600 பேர் கத்திய கத்தில் அவர்களுக்குத் தங்கள் பாட்டே கேட்கவில்லை. மறு வருடம் ஆகஸ்டோடு ஊர் ஊராகப் போய் வாசிப்பதையே விட்டுவிட்டார்கள், அந்தக் கூச்சலும் அதற்கு ஒரு காரணம். அன்றைக்குக் கூட்டம் மட்டும்தான் கேட்டது. இன்றைக்கு எங்களுக்கு நாங்கள் மட்டும்தான் கேட்கிறோம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கச்சேரி, பாட்டு நடுவில் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆக ஐந்து நிமிடம் ஆனது. நான் காங்கோவை நிறுத்தவே இல்லை, இருட்டில் சனம் கைதட்டித் தாளம் போட்டு, பாட்டைத் தாங்களே பாடிக்கொண்டிருந்தார்கள். கரண்ட் வந்தபோது பாடகர் விட்ட இடத்தில் நுழையவில்லை, அவர்கள் பாடிக்கொண்டிருந்த இடத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். போன வருடம் வேறொரு ஊரில் பெரிய மேடை, கரண்ட் எல்லாம் இருக்கிறது, லேப்டாப் நின்றுவிட்டது. பதினோரு பேர் கையில் வாத்தியத்தோடு சும்மா நின்றோம். கிளிக் இல்லாமல் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று ஒருவரை ஒருவர் பார்த்தோம். கூட்டம் போன் டார்ச்சைப் போட்டு ஆட்டியது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பாடவில்லை. நாங்கள் எடுத்துக் கொடுத்திருந்தால் பாடியிருப்பார்கள், எனக்கு அது நிச்சயம். எடுத்துக் கொடுக்காதது எங்கள் தப்பு.

திருமங்கலம் மைக்செட்:

செல்லூர் தங்கச்சி சொன்னது உறைத்தது. அத்தனை வருடம் சீட்டு வாங்கி மேலே கொடுத்தவன் நான், அதில் ஒரு பெண் பெயர்கூட இல்லை என்பதை இன்றைக்குத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

ரிதம் பேட் அண்ணே, பங்குனியில் எங்கள் தெருப் பொங்கல். ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிடலாம். லேப்டாப் வேண்டாம், காங்கோவைக் கொண்டுவாருங்கள், கீபோர்டுக்கு ஆள் இருக்கிறது. கூட்டத்தைப் பார்த்து இரண்டு மைக் நான் வைக்கிறேன், உங்களுக்கு ஒரு பழைய மானிட்டர் பாக்ஸும் போட்டுவிடுகிறேன், காதை அடைக்க வேண்டாம். தங்கச்சி, நீங்களும் வாருங்கள். சீட்டை உங்கள் பெயரிலேயே எழுதுங்கள்.