புதுப்பிப்பு: வீட்டு வெப் சர்வர் வெளியிலிருந்து திறக்காத சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் ஓடும் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர் மென்பொருள்) வீட்டு வைஃபையில் திறக்கிறது, மொபைல் டேட்டாவில் திறக்கவில்லை என்று கேட்டிருந்தேன். வெளியிலிருந்து வரும் இணைப்பை சர்வருக்குத் திருப்பிவிட, ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் பயனில்லை.

ரௌட்டரின் வான் ஐபியை, அதாவது இணைய நிறுவனம் அதற்குத் தரும் முகவரியை, பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், இணைய நிறுவனம் தன் பக்கத்தில் முகவரிகளை மாற்றும் சிஜிநாட் முறைக்கென 2012இல் ஒதுக்கியவை. இந்த முறையில் ஒரே பொது ஐபியைப் பல வீடுகள் பகிர்வதால், வெளியிலிருந்து வரும் இணைப்பு நம் ரௌட்டரையே எட்டாது.

நல்லவேளை, ஐபிவி6 (பழைய ஐபிவி4க்கு அடுத்த, புதிய முகவரி முறை) இருந்தது. டொமைன் பெயரை ஐபிவி6 முகவரியோடு இணைக்கும் ஏஏஏஏ பதிவைச் சேர்த்து, ரௌட்டர் ஃபயர்வாலில் எச்டிடிபிஎஸ்ஸுக்கான 443 போர்ட்டைத் திறந்தேன். அப்புறமும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட்’ (இணைப்பு மறுக்கப்பட்டது)! இதை எதிர்பார்க்கவில்லை. என்ஜின்எக்ஸ் ஐபிவி4இல் வரும் இணைப்புகளை மட்டும் ஏற்றுக்கொண்டிருந்தது. அதன் அமைப்புக் கோப்பில் ஐபிவி6க்குத் தனி லிசன் வரி சேர்த்து ரீலோட் செய்ததும் மொபைலில் பக்கம் வந்துவிட்டது.

ஐபிவி6 இல்லாத இணைப்புகளில் இன்னும் திறக்காது. அதற்காக இணைய நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டிருக்கிறேன்.