பாளையங்கோட்டை வீட்டு வாட்ஸ்அப் குழு: பங்குனி உத்திரத்துக்கு யார் எந்த வண்டியில்?

வெள்ளி, இரவு 8:12

அருணா அக்கா: எல்லோருக்கும் வணக்கம். பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் குட்டிக்கு மொட்டை, காதுகுத்து. ஆசாரி காலை 9 மணிக்கு வந்துவிடுவார். யார் யார் வருகிறீர்கள், எந்த வண்டியில் என்று இன்றைக்கே சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு எண்ணிக்கை கொடுக்க வேண்டும்.

செல்வி அத்தை: நாங்கள் மூன்று பேர். முதல் நாளே மதுரையிலிருந்து பாளை வந்துவிடுவோம்.

அருணா அக்கா: சரி அத்தை.

அருணா அக்கா: கார்த்தி, நீ என்ன பேசாமல் இருக்கிறாய். உன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்.

கார்த்தி: வருகிறேன் அக்கா. சென்னையிலிருந்து ரயிலில் நெல்லை. அங்கிருந்து தேரிச் செம்மணல்காட்டுக் கோயிலுக்குச் சைக்கிள்.

அருணா அக்கா: ???

பெரியம்மா: தாய்மாமன் சைக்கிளிலா

செல்வி அத்தை: சீர்த்தட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டா வருவான்

கார்த்தி: என் சைக்கிளில் கேரியர் கிடையாது அத்தை.

செல்வி அத்தை: ரொம்ப நல்லது

உமா சித்தி: நான் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். யார் கேட்கிறார்கள் இந்த வீட்டில்.

கார்த்தி: அம்மா, அது 60 கிலோமீட்டர்கூட வராது. ஞாயிற்றுக்கிழமை ஈசிஆரில் மாமல்லபுரம் போய்த் திரும்பினால் இதைவிட அதிகம்.

பெரியப்பா: எல்லோரும் என் வண்டியில் போகலாம். மாருதி 800 தயார்.

8:31

பெரியப்பா: யாரும் பதில் சொல்லவில்லையே.

ரமேஷ் அத்தான்: மாமா, அதில் எத்தனை பேர் உட்காருவது?

பெரியப்பா: கார்த்திக்கு மொட்டை போட்டபோது ஏழு பேர் போனோம் மாப்பிள்ளை.

பெரியம்மா: அதில் நாலு பேர் பொடிசுகள். இப்போது அந்தப் பொடிசுகள்தான் ஆளுக்கு எண்பது கிலோ இருக்கிறதுகள்.

ரமேஷ் அத்தான்: நம் வண்டியிலேயே எட்டு மணிக்குக் கிளம்பலாம் மாமா. ஏசி இருக்கிறது. 800-ஐ மியூசியத்துக்குக் கொடுத்துவிடலாம்.

மணி சித்தப்பா: மாப்பிள்ளை, அப்படிச் சொல்லக் கூடாது. 1983 டிசம்பர் 14-ஆம் தேதி இந்திரா காந்தி கையால் முதல் சாவி கொடுத்த வண்டி அது. 2014 ஜனவரியில்தான் தயாரிப்பை நிறுத்தினார்கள். முப்பது ஆண்டு ஒரே பெயரில் ஓடியிருக்கிறது. அண்ணன் வைத்திருப்பது 2006 மாடல், எம்பிஎஃப்ஐ, அதாவது பெட்ரோலை அளந்து தெளிக்கும் எஞ்சின், அதனால் பழைய கார்புரேட்டர் தொல்லை கிடையாது. 796 சிசி, மூன்று சிலிண்டர், டேங்க் 28 லிட்டர். எடை 700 கிலோகூட இல்லை. அந்த எடைதான் விஷயம். போன வருஷம் தேரி மணலில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ரமேஷ் அத்தான்: அதை ஏன் மாமா இப்போது

செல்வி அத்தை: 😂😂

நான்: அச்சு வரைக்கும் மணல். நான் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

ரமேஷ் அத்தான்: அழித்துவிடு.

மணி சித்தப்பா: மாப்பிள்ளை வண்டி ஏறக்குறைய இரண்டு டன். சக்கரம் சுழலச் சுழலக் குழி ஆழமாகுமே தவிர வண்டி நகராது. மணலில் இறங்கும் முன் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்திருக்க வேண்டும், தரையில் படும் பரப்பு கூடும். சிக்கிய பிறகு ஆக்சிலரேட்டரை மிதிக்கவே கூடாது. நான் அப்போதே சொன்னேன்.

கார்த்தி: அப்பா, நீங்கள் அப்போது பதநீர்க்காரரிடம் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

பெரியப்பா: என் வண்டியும் சிக்கியது. நாலு பேர் பிடித்துத் தூக்கி வைத்தீர்கள். அவ்வளவுதான்.

அருணா அக்கா: இந்த முறை எல்லோரும் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடப்போம். பேச்சு முடிந்தது.

அருணா அக்கா: எண்ணிக்கை இன்னும் வரவில்லை.

சனி, காலை 6:40

செல்வி அத்தை (முன்னனுப்பியது): ⚠️ அவசரம்! 20 வருடம் பழைய கார்களுக்கு இனி பெட்ரோல் கிடையாது. பங்கில் கேமரா வைத்துப் பிடிக்கிறார்கள். வண்டியை அங்கேயே பறிமுதல் செய்வார்கள். எல்லாக் குழுவுக்கும் அனுப்பவும்.

செல்வி அத்தை: அண்ணா, உங்கள் வண்டி 2006 தானே?

பெரியப்பா: ஆமாம். மே மாதத்தோடு ஆர்சி முடிகிறது.

பெரியம்மா: இதை என்னிடம் சொல்லவே இல்லை

மணி சித்தப்பா: இது டெல்லிச் செய்தி செல்வி, அதுவும் பாதி. முழுதாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். டெல்லியில் காற்று கெட்டுப்போனதால் டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்று பசுமைத் தீர்ப்பாயம் வரம்பு வைத்தது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2025 ஜூலை 1 முதல் அந்த வண்டிகளுக்குப் பங்கில் எண்ணெய் ஊற்றக் கூடாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் சில நாளிலேயே நிறுத்தி வைத்தார்கள். கேமரா கதை அங்கிருந்து வந்தது. நம் ஊரில் சொந்த காருக்கு அப்படி வயது வரம்பு கிடையாது. 15 ஆண்டு முடிந்தால் ஆர்டிஓவிடம் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஐந்தைந்து ஆண்டாகக் கொடுப்பார்கள். பசுமை வரி தனி. அண்ணன் 2021-இல் புதுப்பித்தபோது கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 ஆண்டு தாண்டிய காருக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள், அதற்கு மேல் ஜிஎஸ்டி.

செல்வி அத்தை: பெட்ரோல் உண்டா இல்லையா

மணி சித்தப்பா: உண்டு.

செல்வி அத்தை: அதை முதலில் சொல்லக் கூடாதா

பெரியம்மா: பத்தாயிரமா

கார்த்தி: 20 முடிவதற்குள் போய்விட்டால் 5,000 தானே அப்பா?

மணி சித்தப்பா: அதை ஆர்டிஓ ஆபீஸில்தான் கேட்க வேண்டும். புரோக்கரிடம் கேட்காதே.

பெரியம்மா: அதற்கு மேல் டயர் மாற்ற வேண்டும், அடியில் துரு. எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?

பெரியப்பா: எடைக்கா.

நான்: பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் கொடுத்தால் ஒரு சான்று தருவார்கள் பெரியம்மா. அதைக் காட்டினால் புது வண்டி வாங்கும்போது பல மாநிலங்களில் சாலை வரியில் சலுகை உண்டு.

பெரியப்பா: யார் புது வண்டி கேட்டார்கள்?

மணி சித்தப்பா: எதுவானாலும் எல்லோரையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். அந்த வண்டி வாங்கும்போது நானும் 40,000 கொடுத்திருக்கிறேன்.

பெரியப்பா: மணி, அதை எப்போதோ திருப்பிக் கொடுத்தாயிற்று. வட்டியோடு.

பெரியம்மா: வட்டி எங்கே கொடுத்தீர்கள்

உமா சித்தி: அதுதானே

செல்வி அத்தை: காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நான் இட்லி ஊற்றப் போகிறேன்.

சனி, மதியம் 1:05

அருணா அக்கா: அப்பாவிடம் இனி வண்டி எடுக்காதீர்கள் என்று யாராவது சொல்லியே ஆக வேண்டும். போன வாரம் எதிர்வீட்டு கேட்டில் உரசியதை அம்மா மறைத்துவிட்டாள். ராத்திரியில் எதிரே வெளிச்சம் வந்தால் அப்படியே நிறுத்திவிடுகிறாராம். சித்தப்பா சொன்னால் சண்டை வரும், நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள்

அருணா அக்கா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்

1:07

பெரியப்பா: படித்துவிட்டேன்.

1:26

மணி சித்தப்பா: வேறு ஒரு விஷயம். இப்போது பங்கில் பெரும்பாலும் கிடைப்பது இ20 பெட்ரோல், அதாவது நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். அதைவிட, பழைய வண்டிகளில் இருக்கும் ரப்பர் குழாய், கேஸ்கட் எல்லாம் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. அண்ணன் வண்டியில் எண்ணெய்க் குழாயை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும். விரிசல், கசிவு இருந்தால் மாற்றிவிட வேண்டும். பெரிய செலவில்லை.

கார்த்தி: அப்பா

மணி சித்தப்பா: என்ன

கார்த்தி: ஒன்றுமில்லை

பெரியப்பா: குழாய் எல்லாம் போன தீபாவளிக்கே மாற்றியாயிற்று மணி. கண் ஆபரேஷன் முடிந்து டாக்டரே ஓட்டலாம் என்றார்.

பெரியம்மா: பகலில் என்றார்.

பெரியப்பா: கோயிலுக்குப் பகலில்தானே போகிறோம்.

பெரியம்மா: திரும்பி வர இருட்டிவிடும். போன வருஷமும் இப்படித்தான். குரும்பூரில் வடை வாங்க நிறுத்தினோம், ஆழ்வார்திருநகரியில் கோயில் நடை திறந்திருக்கிறது என்று இறங்கினோம்.

ரமேஷ் அத்தான்: மாமா, போகும்போது நீங்கள் ஓட்டுங்கள். வரும்போது நான் உங்கள் வண்டியை எடுக்கிறேன். என் வண்டியை டிரைவர் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறேன்.

பெரியப்பா: உங்களுக்கு 800 கியர் பழக்கம் இல்லை மாப்பிள்ளை. ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகியவர்.

ரமேஷ் அத்தான்: நான் லைசென்ஸ் எடுத்ததே 800-இல்தான் மாமா.

பெரியப்பா: பார்ப்போம்.

அருணா அக்கா: அப்பா, நான் போன் பண்ணுகிறேன்.

பெரியப்பா: இப்போது தூங்கப் போகிறேன்.

சனி, இரவு 9:02

உமா சித்தி: கார்த்தியை யாராவது தடுங்கள். வெயிலில் சைக்கிள் மிதித்து, அப்படியே குழந்தையை மடியில் வைப்பானாம்.

கார்த்தி: நாலு மணிக்குக் கிளம்பினால் ஏழரைக்கு வந்துவிடுவேன் அம்மா. ஸ்ரீவைகுண்டம் வழி, மேடே கிடையாது, இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு. கடல்காற்று எதிரே அடித்தால் கொஞ்சம் நேரம் ஆகும். குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொள்வேன்.

செல்வி அத்தை: வேட்டி எங்கிருந்து வரும்

கார்த்தி: உங்கள் பையில் அத்தை 🙏

செல்வி அத்தை: சீர்த்தட்டு, வேட்டி, உன் பை. சைக்கிளையும் நாங்களே தூக்கிக்கொண்டு வருகிறோம், நீ சும்மா வா.

மணி சித்தப்பா: உடற்பயிற்சி நல்லதுதான். ஆனால் அளவு வேண்டும். நான் தினமும் 10,000 அடி நடக்கிறேன். கைக்கடிகாரம் கணக்கு வைக்கிறது. சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது.

உமா சித்தி: நேற்று ராத்திரி 9,400-இல் நின்றுவிட்டது என்று சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

நான்: 😂

பெரியம்மா: 😂😂😂

மணி சித்தப்பா: அது கடிகாரத்தைச் சோதித்துப் பார்த்தேன்.

கார்த்தி: அந்த 10,000 எந்த டாக்டரும் சொன்னதல்ல அப்பா. 1965-இல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்ற கம்பெனி வைத்த எண். 2019-இல் அமெரிக்காவில் வயதான பெண்களை வைத்துப் பார்த்த ஆய்வில் நாளுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் போனால் பெரிய வித்தியாசம் இல்லை.

பெரியம்மா: 4,400 நான் காபி போடுவதற்குள் முடித்துவிடுவேன்.

மணி சித்தப்பா: அது பெண்களுக்கான ஆய்வு.

செல்வி அத்தை: மணி அண்ணா விடமாட்டார்

பெரியப்பா: கார்த்தி, ஒன்று கேட்க வேண்டும். என் ஹெர்குலிஸ் பரணில் கிடக்கிறது. அதை இறக்கினால் ஓடுமா?

கார்த்தி: ஓடும் பெரியப்பா! அந்த இரும்புக்கு ஒன்றும் ஆகாது. டயர், டியூப், பிரேக் கட்டை மாற்ற வேண்டும். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட வேண்டும். சீட் உயரம் பார்த்து வைக்க வேண்டும், மிதி கீழே போகும்போது கால் கிட்டத்தட்ட நீளமாக வரவேண்டும். உங்களுக்கு முட்டிவலி வந்ததே தாழ்ந்த சீட்டால்தான் இருக்கும். நான் வந்து செய்து தருகிறேன்.

பெரியம்மா: எதற்கு இப்போது சைக்கிள்?

பெரியப்பா: மார்க்கெட்டுக்கு.

பெரியம்மா: வேண்டாம்

அருணா அக்கா: அப்பா, மார்க்கெட்டுக்கு ஆட்டோவில் போங்கள்.

பெரியப்பா: காரும் வேண்டாம், சைக்கிளும் வேண்டாம். கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள், சோபாவில் உட்கார்ந்து கையை ஆட்டுகிறேன்.

செல்வி அத்தை: 😂😂😂😂

மணி சித்தப்பா: அண்ணன்!

நான்: பெரியப்பா, தெருவுக்குள் மட்டும் ஓட்டிப் பாருங்கள். காலையில் வண்டி நடமாட்டம் இல்லாதபோது.

பெரியம்மா: நீ கோயம்புத்தூரில் இருந்துகொண்டு சொல்லுவாய். விழுந்தால் தூக்குவது நான்.

ஞாயிறு, காலை 10:18

அருணா அக்கா: கடைசியாகக் கேட்கிறேன். வண்டிக் கணக்கு சொல்லுங்கள்.

செல்வி அத்தை: பேசாமல் ஒரு வேன் பிடித்துவிடுவோம். எல்லோரும் ஒன்றாகப் போய் ஒன்றாக வரலாம். யார் ஓட்டுவது என்ற பேச்சே வராது.

ரமேஷ் அத்தான்: நல்ல யோசனை.

அருணா அக்கா: எனக்கும் சரி.

மணி சித்தப்பா: வேன் என்றால் உத்திரத்தன்று வாடகை இரண்டு மடங்கு கேட்பான். ஊரில் எல்லோரும் சாஸ்தா கோயிலுக்குத்தான் போவார்கள். இன்றைக்கே முன்பணம் கொடுத்தால் கிடைக்கும்.

செல்வி அத்தை: கொடுத்துவிடுங்கள்

மணி சித்தப்பா: யார்?

செல்வி அத்தை: நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்

மணி சித்தப்பா: நான் தூத்துக்குடியில் இருக்கிறேன். பாளையில் இருப்பது அண்ணன்.

பெரியப்பா: வேன் உங்களுக்கு. நானும் மதினி, மன்னிக்கவும், நானும் உங்கள் மதினியும் 800-இல் முன்னால் போய்ப் பொங்கல் வைக்க இடம் பிடிக்கிறோம். மரத்தடி நிழல் எட்டு மணிக்கு மேல் கிடைக்காது.

பெரியம்மா: நான் வேனில் வருகிறேன்

பெரியப்பா: சரி, நான் மட்டும்.

அருணா அக்கா: தனியாக வேண்டாம் அப்பா.

கார்த்தி: நான் பெரியப்பாவோடு வருகிறேன் அக்கா. சைக்கிளை மேலே கட்டிக்கொண்டு போய்விட்டு, திரும்பும்போது மிதித்து வருகிறேன்.

உமா சித்தி: திரும்பும்போது இருட்டு என்று இப்போதுதானே சொன்னார்கள்

கார்த்தி: அப்படியானால் திரும்பும்போது நானே 800 ஓட்டுகிறேன்.

பெரியப்பா: சைக்கிள் கட்ட மேலே கேரியர் வேண்டும். பழையது மாடியில் இருக்கிறது. எடுத்து வைக்கிறேன்.

மணி சித்தப்பா: குரல் செய்தி 4:37

செல்வி அத்தை: எழுதுங்கள் அண்ணா, இங்கே வீட்டில் டிவி ஓடுகிறது

அருணா அக்கா: ஆக வேன் வேண்டுமா வேண்டாமா?

அருணா அக்கா: யாராவது

பெரியம்மா: வெல்லமா, உடன்குடிக் கருப்பட்டியா? கருப்பட்டி என்றால் இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

செல்வி அத்தை: கருப்பட்டி

உமா சித்தி: இவருக்குச் சர்க்கரை. கொஞ்சம் வெண்பொங்கலும் வையுங்கள் அக்கா.

மணி சித்தப்பா: கருப்பட்டியிலும் சர்க்கரைதான் இருக்கிறது. பலர் தவறாக நினைக்கிறார்கள். முழுதாகச் சொல்கிறேன்…