பைலட் பற்றுகிறது, குமிழை விட்டதும் அணைகிறது. இன்னொரு ஹீட்டர் நாலு வினாடியில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே நோயா?

வெந்நீர்வாசி:
கேஸில் ஓடும் சாதனம் இரண்டு இருக்கிறது, இரண்டும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. முதலாவது பழைய வாட்டர் ஹீட்டர், தொட்டி உள்ளது, அடியில் பெரிய பர்னரைப் பற்றவைக்க எந்நேரமும் பைலட் என்ற சின்னச் சுடர் எரிந்துகொண்டே இருக்கும் வகை. குமிழை அழுத்திப் பிடித்தபடி பற்றவைத்தால் பைலட் நன்றாகவே பற்றுகிறது, விரலை எடுத்த நொடியே பொசுக்கென்று போய்விடுகிறது. ஒரு நிமிடம் வரைக்கும் அழுத்திப் பார்த்தேன், அதேதான். சுடர் கொஞ்சம் மஞ்சளாக, ஒரு பக்கம் சாய்ந்தமாதிரி தெரிகிறது.

இரண்டாவது அறைகளுக்குச் சூடான காற்று அனுப்பும் ஹீட்டர். இதில் பைலட்டே கிடையாது. ஃபேன் சுற்றுகிறது, டிக் டிக் என்று ஸ்பார்க் வருகிறது, பர்னர் முழுக்க அழகான நீலச் சுடர் வருகிறது, நாலைந்து வினாடியில் தானாகவே அணைந்துவிடுகிறது. மூன்று தடவை முயற்சி செய்துவிட்டுச் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடுகிறது. போன மாதம் இதே தொல்லை வந்தபோது உள்ளே இருக்கும் சென்சார் கம்பியை உப்புத்தாளால் தேய்த்தேன், பத்து நாள் ஓடியது. பார்க்க வந்தவர் ஒன்றுக்குக் கேஸ் வால்வு மாற்ற வேண்டும், மற்றதற்கு அதை இயக்கும் மின்னணு போர்டு மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது விளக்குங்களேன்.

பழைய ஸ்பானர்:
இரண்டிலும் தீ பற்றுகிறது இல்லையா? அப்படியானால் கேஸ் வருகிறது, பற்றவைக்கும் வேலையும் ஒழுங்காக நடக்கிறது. குறை எங்கே என்றால், தீ பற்றிவிட்டது என்று சொல்ல வேண்டிய சாட்சி சரியாகப் பேசவில்லை. ஹீட்டருக்குக் கண் கிடையாது, சாட்சி வாய் திறக்காவிட்டால் அது கேஸை மூடத்தான் செய்யும், மூடவும் வேண்டும். எனவே வால்வையும் போர்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

வாட்டர் ஹீட்டரில் அந்தச் சாட்சி தெர்மோகப்பிள். பைலட் சுடருக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் விரலைவிட மெல்லிய தண்டு, அதிலிருந்து ஒரு மெல்லிய செம்புக் குழாய் வால்வுக்குப் போகும், அதுதான். இரண்டு வேறுவேறு உலோகத்தை ஒரு முனையில் ஒட்டி அந்த முனையைச் சுட்டால் கொஞ்சம் மின்சாரம் வரும், 1821-ல் சீபெக் கண்டது. கொஞ்சம் என்றால் உண்மையிலேயே கொஞ்சம், நல்ல தெர்மோகப்பிள் நல்ல சுடரில் 25, 30 மில்லிவோல்ட் கொடுக்கும். ஒரு டார்ச் செல்லில் ஐம்பதில் ஒரு பங்கு. இதை வைத்துக்கொண்டு வால்வுக்குள் இருக்கும் மின்காந்தத்தால் எதையும் இழுக்க முடியாது. ஏற்கெனவே ஒட்டியிருப்பதை விடாமல் பிடித்துக்கொள்ள மட்டும்தான் முடியும். அதனால்தான் உங்களைக் குமிழை அழுத்தச் சொல்கிறார்கள், ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளும் வேலையை உங்கள் விரல் செய்கிறது, தண்டு சூடானதும் காந்தம் அதைத் தன் கையில் வாங்கிக்கொள்கிறது. உங்கள் வீட்டில் வாங்கிக்கொள்ள அதற்குத் தெம்பு இல்லை.

தெம்பில்லாததற்கு எல்லோரும் முதலில் தெர்மோகப்பிளையே மாற்றுவார்கள். நீங்கள் மஞ்சள், சாய்ந்த சுடர் என்று சொல்வதால் நான் மாற்ற மாட்டேன். பைலட் சுடர் நீலமாக, தண்டின் நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குச் சுற்றி அணைத்தமாதிரி இருக்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் காற்று போதவில்லை, பைலட் குழாயில் இருக்கும் காற்றுத் துளையைத் தூசு அடைத்திருக்கும், சிலந்திகூடக் கூடு கட்டும், அதுகளுக்கு இந்த இடத்தின் மேல் அப்படி ஒரு ஆசை. கேஸை மூடி, ஆறவிட்டு, பைலட்டைக் கழற்றிக் காற்றால் ஊதுங்கள். கேஸ் பீறிட்டு வரும் ஜெட் ஓட்டைக்குள் மட்டும் ஊசி, குண்டூசி எதையும் விடாதீர்கள், ஓட்டை பெரிதானால் அந்த ஜெட் போச்சு.

அப்புறம் தெர்மோகப்பிள் வால்வில் சேரும் நட். அதைக் கழற்றி, முனையைத் துணியால் துடைத்து, கையால் முடிந்தவரை இறுக்கி, ஸ்பானரில் கால் சுற்று. அதோடு நிறுத்துங்கள். இருப்பதே முப்பது மில்லிவோல்ட், அதில் பெரும்பங்கை அழுக்கு தின்றுவிட்டால் கணக்கு உதைக்கும்.

மீட்டர் மாணிக்கம்:
ஸ்பானர் அண்ணா சொன்னதில் மறுக்க ஒன்றுமில்லை, ஆனால் என்னைக் கேட்டால் துடைப்பதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டர் எடுத்து அளந்துவிடுவேன், இல்லாவிட்டால் எது சரி செய்தது என்றே கடைசிவரை தெரியாது. தெர்மோகப்பிளை வால்விலிருந்து கழற்றி, குமிழைப் பிடித்தபடி பைலட்டை எரியவிட்டு, செம்புக் குழாய்க்கும் வால்வில் சேரும் முனையில் இருக்கும் பொட்டுக்கும் நடுவில் மில்லிவோல்ட் பாருங்கள்.

இரண்டாவது ஹீட்டர் என் பேட்டை. அதில் தெர்மோகப்பிள் வைக்க மாட்டார்கள், காரணம் வேகம். சுடர் அணைந்த பிறகு அந்தத் தண்டு ஆறி, காந்தம் கைவிட அரை நிமிடத்துக்கு மேலேகூட ஆகலாம். பைலட் விடுகிற துளி கேஸ் என்றால் பரவாயில்லை, பெரிய பர்னர் அவ்வளவு நேரம் எரியாமல் கேஸ் விட்டால் வீடு தாங்காது. அதனால் இங்கே சாட்சி சுடரேதான். சுடருக்குள் அயனிகள், அதாவது மின்னேற்றம் உள்ள துகள்கள் இருக்கின்றன, அதனால் மின்சாரம் பாயும். போர்டு அந்தச் சென்சார் கம்பிக்கு ஏசி, அதாவது திசை மாறி மாறி வரும் மின்னழுத்தம் கொடுக்கிறது, மறுமுனை எர்த் ஆன பர்னர் உடம்பு. கம்பி சின்னது, பர்னர் பரப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது, அதனால் ஒரு திசையில் மின்சாரம் சுலபமாகப் போகிறது, எதிர்த்திசையில் கிட்டத்தட்ட போவதே இல்லை. போன ஏசி, ஒரே திசையில் பாயும் டிசியாகத் திரும்புகிறது. எவ்வளவு? சில மைக்ரோஆம்ப், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஏமாற்ற முடியாது என்பது. ஈரமோ கரியோ பட்டு அந்தக் கம்பி உடம்போடு ஷார்ட் ஆனால் மின்சாரம் இரண்டு பக்கமும் சமமாகப் போகும், அது ஏசி, போர்டு அதைச் சுடர் என்று எடுத்துக்கொள்ளாது. யார் யோசித்தார்களோ, கைகொடுக்க வேண்டும்.

சரி, உங்கள் உப்புத்தாள். கம்பியின் மேல் கண்ணுக்கே தெரியாத கண்ணாடிபோன்ற படலம் படியும், அது மின்சாரத்தை மறிக்கும். அதை எடுக்க வேண்டும், ஆனால் முரட்டுத்தாளால் தேய்த்தால் கீறல் விழுந்து அந்தக் கீறலிலேயே படலம் சீக்கிரம் பிடிக்கும், தாளிலிருந்து உதிரும் மணலும் ஒட்டிக்கொள்ளும். சோப்பு இல்லாத மெல்லிய ஸ்டீல் கம்பிச் சுருளால் லேசாகத் தேய்த்து, வெறும் துணியால் துடைத்தால் போதும். பிறகு மீட்டரை டிசி மைக்ரோஆம்பில் வைத்து, கம்பிக்கும் போர்டுக்கும் நடுவில் தொடராக இணைத்து அளக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இணைத்து, பிறகு போடுங்கள், அந்த ஒயரில் கைவைத்தால் நன்றாகவே உதைக்கும்.

சுருக்குவழி:
இவ்வளவு கதை எதற்கு? எங்கள் வாட்டர் ஹீட்டரில் இதே தொல்லைதான், குமிழுக்கு ஒரு மரத்துண்டு முட்டுக்கொடுத்துக் கயிறு கட்டிவிட்டேன், ஆறு மாதமாக ஜோராக ஓடுகிறது.

பழைய ஸ்பானர்:
சுருக்குவழி தம்பி, இதைப் படித்து முடிக்கும் முன் எழுந்துபோய் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் கட்டிப்போட்டது குமிழை இல்லை, சாட்சியை. ஒரு நாள் காற்றடித்து பைலட் அணைந்தால் அந்தத் துளையிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருக்கும், மூட ஆளில்லை. குழாய் வழி வரும் இயற்கை எரிவாயுவில் இருக்கும் மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் பற்றும், சிலிண்டர் கேஸில் இருக்கும் புரொபேன் என்றால் இரண்டு சதவீதமே போதும், அதுவும் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு தரையாகப் போய்ப் பள்ளத்தில் படுத்துக்கொண்டு ஒரு ஸ்விட்சுக்காகக் காத்திருக்கும். ஆறு மாதம் ஓடியது என்பது ஆறு மாதம் காற்று அடிக்கவில்லை என்றுதான் அர்த்தம். கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைத் தொடாதீர்கள், குழாயை மூட முடிந்தால் மூடிவிட்டு வெளியே போய் அங்கிருந்து போன் செய்யுங்கள்.

பைலட்_பிரியன்:
இடையில் ஒரு கேள்வி. எங்கள் ஹீட்டரில் ஸ்பார்க்கும் இல்லை, பைலட்டும் இல்லை, ஒரு குச்சி சிவப்பாகப் பழுத்து அதில் கேஸ் பற்றுகிறது. அதற்கும் இதே கதையா?

மீட்டர் மாணிக்கம்:
பற்றவைப்பது மட்டும்தான் வேறு. அது சிலிக்கான் கார்பைடு அல்லது சிலிக்கான் நைட்ரைடு, மின்சாரம் கொடுத்தால் ஆயிரம் டிகிரிக்குப் பக்கமாகவோ மேலேயோ போகும், அதனால்தான் கேஸ் வருவதற்கு முன் அரை நிமிடம்போல் பழுக்கவிடுகிறது. பெரும்பாலும் சாட்சிக்கு அதே சென்சார் கம்பிதான். கார்பைடு வகை சாக்பீஸ் மாதிரி உடையும், வெறும் விரலால் தொடாதீர்கள், எண்ணெய்க்கறை பட்ட இடம் சூட்டில் விரிசல் விடும்.

வெந்நீர்வாசி:
எல்லோருக்கும் நன்றி, செய்துபார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவன் இரண்டு நாள் கழித்து வருகிறேன்.

வாட்டர் ஹீட்டர்: துடைக்கும் முன் அளந்ததில் 11 மில்லிவோல்ட். பைலட்டைக் கழற்றினால் காற்றுத் துளை முழுக்கப் பஞ்சுபோல் தூசு, சிலந்தி இல்லை, ஸ்பானர் அண்ணாவுக்கு ஏமாற்றம். ஊதிவிட்டு மறுபடி போட்டால் சுடர் நீலமாக நிமிர்ந்துவிட்டது, 27 காட்டுகிறது, குமிழை முப்பது வினாடி பிடித்துவிட்டு விட்டேன், நிற்கிறது. தெர்மோகப்பிள் பழசேதான்.

அறை ஹீட்டர்தான் படுத்தியது. கம்பியைச் சுத்தம் செய்தும் 0.7 மைக்ரோஆம்புக்கு மேல் ஏறவில்லை, ஓடும், அணையும். கடைசியில் மாணிக்கம் சொன்ன "எர்த் ஆன பர்னர் உடம்பு" ஞாபகம் வந்து எர்த் ஒயரைத் தேடினேன், அதன் ஸ்க்ரூ துருவில் புதைந்திருந்தது. சுரண்டி இறுக்கினேன். இப்போது 3.4. இதுவரை ஒரு தடவைகூட அணையவில்லை. இன்னொன்று, இது முன்பிருந்தே உண்டு, நான்தான் சொல்லவில்லை: சில நாள் பற்றும்போது உள்ளே டப் என்று ஒரு சத்தம்.

மீட்டர் மாணிக்கம்:
எர்த்தை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், என் தப்பு. திரும்பி வரும் வழி துருவில் அடைந்தால் சுடர் எவ்வளவு நன்றாக எரிந்தாலும் போர்டுக்குத் தெரியாது.

பழைய ஸ்பானர்:
அந்த டப் சத்தத்தை விடாதீர்கள். கேஸ் வந்தவுடனே பற்றாமல் கொஞ்சம் சேர்ந்தபிறகு மொத்தமாகப் பற்றுகிறது என்று அர்த்தம். ஸ்பார்க் ஒரு ஓரத்தில் இருக்கும், அங்கிருந்து சுடர் பக்கத்துப் பர்னருக்குத் தாவிப் போக நடுவில் சின்னச் சின்னத் துளை வரிசை உண்டு, அதில் துரு அடைத்தால் தாவமுடியாமல் கேஸ் தேங்கும். ஸ்பார்க் முனையின் இடைவெளி அகன்றிருந்தாலும் இதேதான். மின்சாரத்தையும் கேஸையும் மூடிவிட்டுப் பர்னரை வெளியே எடுத்து அந்தத் துளைகளைப் பிரஷ் போட்டுப் பாருங்கள். பிரஷ்ஷுக்குப் பிறகும் டப் வந்தால் கேஸ் அழுத்தத்தை மானோமீட்டர் வைத்து அளக்க வேண்டும், அதை நீங்கள் செய்யாதீர்கள், உரிமம் உள்ளவரைக் கூப்பிடுங்கள், முன்பு வந்த போர்டுக்காரரை வேண்டாம்.

வெந்நீர்வாசி:
ஞாயிற்றுக்கிழமை பர்னரை வெளியே எடுக்கிறேன். துளை வரிசையைப் படம் எடுத்துப் போடுகிறேன், அண்ணா பார்த்துச் சொல்லுங்கள்.