புதுப்பிப்பு: மெஷ் கருவியில் 1970 என்று வந்த செய்திகள் – காரணம் கிடைத்தது

மின்சாரம் போய் வந்தபின், என் மொட்டைமாடி லோரா கருவி (இணையம் இல்லாமல், ரேடியோ அலையில் கருவிக்குக் கருவி செய்தி கடத்தும் மெஷ் வலையில் ஒன்று) எல்லாச் செய்திக்கும் 1970 ஜனவரி 1 என்று தேதி போடுகிறது எனப் போன வாரம் இதே இழையில் எழுதியிருந்தேன்.

அந்த போர்டில் பேட்டரியோடு கூடிய கடிகாரச் சிப் இல்லை. மின்சாரம் போனால் நேரம் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. 1970 ஜனவரி 1-லிருந்து நொடிகளை எண்ணும் யுனிக்ஸ் கணக்கில் பூஜ்யம் என்றால் அன்றைய யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு, நமக்குக் காலை 5:30. திரையில் 5:47 என்று பார்த்தேனே, அது கருவி எழுந்து 17 நிமிடம் ஆனதைத்தான் சொல்லியிருக்கிறது!

இன்னொன்றும் புரிந்தது. நான் போட்டிருக்கும் மென்பொருளில், அனுப்பிய நேரம் செய்தியோடு வருவதே இல்லை. வாங்கும் கருவிதான் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்கிறது. ஒரு பாக்கெட்டுக்கு (ரேடியோவில் ஒரே தடவையில் போகும் தரவுத் துண்டு) 255 பைட்தான் இடம் என்பதால் இந்தச் சிக்கனம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

சரி, தீர்வு: பேட்டரியில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரச் சிப் ஒன்றைச் சேர்த்தேன். வருடத்துக்கு ஒரு நிமிடம் போலத்தான் பிசகும். இந்தச் சிப்போடு வரும் சில மாட்யூல்களில், ஒரு டயோடு வழியாக பேட்டரியை சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கும். 5 வோல்ட் கொடுத்து சார்ஜ் செய்யக் கூடாத சிஆர்2032 பட்டன் பேட்டரி போடுவதாக இருந்தால் முதலில் அந்த டயோடைக் கழற்றிவிடுங்கள், ஆபத்து. நேற்று இரவு வயரைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்துச் செருகினேன். திரையில் 9:42. கைக்கடிகாரத்திலும் 9:42.

பழைய செய்திகளின் நேரத்தை மீட்க முடியவில்லை. வந்த வரிசை மட்டும் சரியாக இருக்கிறது.